சைனா வளர்ந்த கதை: காசு எங்கிருந்து வந்துச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கி, படிக்க வசதியாகத் துணைத்தலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

போன வாரம் ஒரே நாள்ல எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு ஃபார்வர்டு. காலையில சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பினார். சைனாவுல ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல ஒரே ராத்திரியில தண்டவாளத்தை மாத்திப் போடுறாங்க. கீழ, "நம்ம ஊர்ல ஒரு பாலம் கட்ட எட்டு வருஷம்"னு ஒரு வரி. சாயங்காலம் மச்சான் இன்னொரு வீடியோ அனுப்பினான். அதுல பாதியில நின்ன அடுக்குமாடிக் கட்டடங்களை வரிசையா வெடி வச்சுத் தகர்க்கிறாங்க. கீழ, "சைனா கதை முடிஞ்சுது".

அப்புறம் என்ன, குரூப்புலயே சண்டை. சித்தப்பா, "நமக்கும் அந்த மாதிரி ஒரு கண்டிப்பான ஆட்சி வேணும்"ங்கிறார். மச்சான், "அது வெறும் பில்டப்பு சித்தப்பா"ங்கிறான். கடைசியில ரெண்டு பேரும் என்னைக் கூப்பிட்டு, "நீதான் பாட்காஸ்ட் பண்றியே, நீ சொல்லு"ன்னுட்டாங்க.

ரெண்டு வீடியோவும் உண்மைதான். அதை விட முக்கியமான விஷயம், ரெண்டும் ஒரே சிஸ்டத்தோட ரெண்டு அவுட்புட். அந்த சிஸ்டத்தைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம். ஒரே ஒரு கேள்வியைக் கையில பிடிச்சுக்குங்க: இவ்வளவு கட்டறதுக்கும் உற்பத்தி பண்றதுக்கும் காசு எங்கிருந்து வந்துச்சு? இதுக்குப் பதில் தெரிஞ்சா, அமெரிக்கா ஏன் வரி போடுது, ஐரோப்பா ஏன் பயப்படுது, நம்ம ஊர் ஸ்கூட்டர் கம்பெனி ஏன் காந்தத்துக்காக பெய்ஜிங்கைப் பார்த்து நிக்குதுன்னு எல்லாம் புரிஞ்சிடும்.

முதல்ல, எவ்வளவு வளர்ந்துச்சு?

1990-ல, தலைக்கு இவ்வளவுன்னு பார்த்தா, இந்தியாவோட ஜிடிபி சைனாவை விடக் கொஞ்சம் அதிகம். டாலர் கணக்குல நாம சுமார் 370, அவங்க சுமார் 320. 2024-ல அவங்க 13,000 டாலரைத் தாண்டிட்டாங்க, நாம சுமார் 2,700. கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. 1978-லிருந்து நாற்பது வருஷத்துல சுமார் 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மேல வந்தாங்கன்னு உலக வங்கி சொல்லுது. மனுஷ வரலாற்றுல இவ்வளவு பேர் இவ்வளவு வேகமா மேல வந்ததில்லை. ஸோ மச்சான், இது வெறும் பில்டப்பு இல்லை.

18 கைநாட்டு

1958-லிருந்து மாவோ நடத்தின 'பெரும் பாய்ச்சல்' திட்டத்துல நிலம் எல்லாம் கம்யூன் கைக்குப் போச்சு. யார் எவ்வளவு உழைச்சாலும் விளைச்சல் பொதுவுக்கு. கீழ இருக்கிற அதிகாரிங்க மேல இருக்கிறவங்களுக்குப் பயந்து பொய்யான விளைச்சல் கணக்கு கொடுத்தாங்க. அந்தக் கணக்கை நம்பி அரசாங்கம் தானியத்தை அள்ளிட்டுப் போச்சு. விளைவு, பஞ்சம். கோடிக்கணக்குல ஜனங்க செத்தாங்க.

அந்தப் பஞ்சத்துல ரொம்ப அடிபட்ட வட்டாரங்கள்ல ஒண்ணு அன்ஹுயி மாகாணத்துல இருக்கிற ஃபெங்யாங். அங்க ஷியாவோகாங்னு ஒரு சின்ன கிராமம். 1978 கடைசியில 18 விவசாயிங்க ராத்திரி ஒரு வீட்டுல ரகசியமாக் கூடி ஒரு ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வச்சாங்க. நிலத்தைக் குடும்பம் குடும்பமாப் பிரிச்சுக்குவோம், அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டு மிச்சத்தை நாமளே வச்சுக்குவோம். இது சட்டவிரோதம். அதனால இன்னொரு விஷயமும் பேசி வச்சாங்க: மாட்டிக்கிட்டு யாராவது ஜெயிலுக்கோ தூக்குக்கோ போனா, அவங்க பிள்ளைங்களை 18 வயசு வரைக்கும் மத்தவங்க வளர்க்கணும்.

அடுத்த வருஷம் விளைச்சல் எகிறிடுச்சு. விஷயம் வெளியில தெரிஞ்சப்போ உள்ளூர் அதிகாரிங்க நசுக்காம விட்டாங்க. மாகாணத் தலைமையும் ஆதரிச்சுது. அப்புறம் டெங் சியாவோபிங் காலத்துல அதுவே நாட்டோட கொள்கையாச்சு. தானியத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற விலையையும் கூட்டினாங்க. 1978-ல சுமார் 30 கோடி டன்னா இருந்த தானிய உற்பத்தி 1984-ல 40 கோடி டன்னைத் தாண்டுச்சு.

சித்தப்பா, இதைக் கவனிங்க. சைனாவோட வளர்ச்சி ஆரம்பிச்சது ஒரு கண்டிப்பான உத்தரவுல இல்லை. உத்தரவை மீறின 18 பேர் கிட்டருந்தும், அதைக் கண்டுக்காம விட்ட அதிகாரிங்க கிட்டருந்தும் ஆரம்பிச்சது.

ஷென்சென்: நேரா ப்ரொடக்ஷன்ல போடல

நம்ம மாதிரி ஐடி மக்களுக்கு இது ஈஸியாப் புரியும். புதுசா ஒரு கோடு எழுதினா நேரா ப்ரொடக்ஷன்ல தள்ள மாட்டோம். ஸ்டேஜிங்ல போட்டு, உடையுதான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் ரிலீஸ். டெங் பண்ணினதும் அதேதான். 1980-ல நாலு இடங்களைச் சிறப்புப் பொருளாதார மண்டலம்னு அறிவிச்சாங்க: ஷென்சென், ஷுஹாய், ஷாந்தோவ், ஷியாமென். ஷென்சென் ஹாங்காங்குக்குப் பக்கம். ஷுஹாய் மக்காவுக்குப் பக்கம். ஷியாமென் தைவானுக்கு எதிர்ல. ஷாந்தோவ், தென்கிழக்கு ஆசியாவுல குடியேறின ஏராளமான சீனக் குடும்பங்களோட பூர்வீகம். பணமும் தொழில் தெரிஞ்சவங்களும் எங்க இருந்தாங்களோ, அதுக்கு நேரெதிர்லயே கதவைத் திறந்தாங்க. அதே சமயம் பெய்ஜிங்குக்கு ரொம்ப தூரத்துல. சொதப்பினா நஷ்டம் அந்த மூலையோட போயிடும்.

சொதப்பல. இன்னைக்கு ஷென்சென்ல ஒண்ணே முக்கால் கோடிப் பேர். ஹுவாவே, டென்சென்ட், பிஒய்டி எல்லாத்துக்கும் தலைமையகம் அங்கதான்.

நடுவுல ஒரு பெரிய உடைப்பு. விலைவாசி, ஊழல், சுதந்திரம் கேட்டு மாணவர்களும் தொழிலாளிகளும் 1989-ல தியனன்மென் சதுக்கத்துல கூடினாங்க. ஜூன் 4 அன்னைக்கு ராணுவம் சுட்டுக் கலைச்சுது. எத்தனை பேர் செத்தாங்கன்னு நம்பகமான அரசுக் கணக்கு இன்னைக்கு வரைக்கும் வெளிவரல. சீர்திருத்தம் அப்படியே நின்னுடும்னு தோணின நேரத்துல, 1992-ல டெங் தெற்குப் பக்கம் சுற்றுப்பயணம் போய் ஷென்சென்ல நின்னு, சந்தையைத் திறந்தே வைக்கணும்னு பேசினார். அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் அவங்க நடைமுறை இதுதான்: பொருளாதாரத்துல கதவு திறந்திருக்கும், அரசியல்ல மூடியிருக்கும்.

ஒரு ரேஷன் கார்டு மாதிரி, ஆனா அதை விடப் பெருசு

இப்போ நம்ம கேள்விக்கு முதல் பதில். காசோட ஒரு பகுதி, உழைச்சவங்களுக்குக் கொடுக்காம விட்ட காசு.

சைனாவுல 'ஹுகோவ்'னு ஒரு பதிவு முறை இருக்கு. 1958-ல சட்டமாச்சு. நீங்க எந்த ஊர், கிராமமா நகரமான்னு பிறந்தப்பவே பதிவாயிடும். நம்ம ரேஷன் கார்டை நினைச்சுக்குங்க. ஆனா அரிசி மட்டும் இல்லை. பிள்ளைக்கு ஸ்கூல் சீட்டு, ஆஸ்பத்திரிச் செலவுல சலுகை, பென்ஷன் எல்லாம் அந்த ஊர்க் கார்டோட கட்டி வச்சிருக்கும்.

கிராமத்து ஹுகோவ் வச்சிருக்கிறவர் ஷென்சென் ஃபேக்டரியில இருபது வருஷம் வேலை பார்க்கலாம். ஆனா அந்த ஊர்க்காரர் ஆக முடியாது. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா அரசுப் பள்ளியில இடம் கிடைக்கிறது கஷ்டம். அதனால பிள்ளைங்களைத் தாத்தா பாட்டி கிட்ட விட்டுட்டு வருவாங்க. சீனப் புத்தாண்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பார்ப்பாங்க. இப்படி அப்பா அம்மா பக்கத்துல இல்லாம வளர்ந்த பிள்ளைங்க கோடிக்கணக்குல. இப்பவும் சுமார் 30 கோடிப் பேர் இந்த மாதிரிக் கிராமத்துலருந்து வந்த தொழிலாளிங்க. கிட்டத்தட்ட நாலு தமிழ்நாடு சேர்ந்த மாதிரி ஒரு கூட்டம்.

ஃபேக்டரிக்கு இது ரொம்ப லாபம். சம்பளம் குறைவு, குடும்பச் செலவு நகரத்து மேல விழாது, தனியா சங்கம் அமைக்கவும் உரிமை இல்லை. சில ஊர்கள்ல விதிகளைத் தளர்த்தியிருக்காங்க. பெய்ஜிங், ஷாங்காய் மாதிரி பெரிய நகரங்கள்ல இன்னும் கதவு இறுக்கமாத்தான் இருக்கு.

2001 டிசம்பர்ல உலக வர்த்தக அமைப்புல சைனா சேர்ந்ததும் இந்த உழைப்புக்கு உலகமே சந்தையாச்சு. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பொம்மை, சட்டை, செல்போன்னு எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில ஒரே ஊர் பேர்.

1994: வரி போச்சு, நிலம் மிஞ்சுச்சு

ரெண்டாவது பதில், நிலம். இதுதான் மச்சான் அனுப்பின வீடியோவோட வேர்.

தொண்ணூறுகளோட தொடக்கத்துல மாகாணங்கள் வரியை வசூல் பண்ணி, பெய்ஜிங்குக்குக் கொஞ்சமாக் கொடுத்துட்டு இருந்தாங்க. 1994-ல ஷு ரோங்ஜி ஒரு வரிச் சீர்திருத்தம் கொண்டு வந்தார். மதிப்புக்கூட்டு வரியில 75 சதவீதம் மத்திய அரசுக்கு, 25 மட்டும் உள்ளூருக்கு. ஆனா ஸ்கூல், ஆஸ்பத்திரி, ரோடு இதையெல்லாம் பார்த்துக்கிற பொறுப்பு உள்ளூர் அரசு கிட்டயே இருந்துச்சு. நம்ம ஊர் மாநகராட்சி கிட்ட, "வரியை நாங்க எடுத்துக்கறோம், வேலையை நீங்க பாருங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

அவங்க கையில மிச்சம் இருந்த ஒரே சொத்து நிலம். நகரத்து நிலம் முழுக்க அரசாங்கத்துது. கிராமத்து நிலம் அந்தக் கிராமத்துக்குப் பொது. விவசாயி நேரடியா அதை பில்டர் கிட்ட விற்க முடியாது. உள்ளூர் அரசு விவசாயிக்குக் குறைஞ்ச இழப்பீடு கொடுத்து எடுத்து, ரோடு போட்டு, பில்டருக்கு ஏலம் விடும். வாங்குறவருக்குக் கிடைக்கிறது 70 வருஷ உபயோக உரிமை. நடுவுல இருக்கிற விலை வித்தியாசம் அரசுக் கஜானாவுக்கு.

1998-ல வேலை பார்க்கிற இடமே வீடு கொடுக்கிற பழைய முறையை நிறுத்தினாங்க. அன்னையிலருந்து வீடு வேணும்னா சந்தையில வாங்கணும். டிமாண்ட் பிச்சிக்கிட்டுப் போச்சு. நிலத்து விலை ஏறுச்சு, அதை அடமானமாக் காட்டி உள்ளூர் அரசுகள் தனித்தனியா கம்பெனி ஆரம்பிச்சுக் கடன் வாங்கினாங்க. மேயருக்குப் பதவி உயர்வு கிடைக்கணும்னா அவர் ஊர் வேகமா வளரணும். அதனால பாலம், மெட்ரோ, ஏர்போர்ட்னு ஒரு ஊர் கட்டினா பக்கத்து ஊரும் கட்டுச்சு.

2008-ல உலக நெருக்கடி வந்து ஏற்றுமதி விழுந்தப்போ, பெய்ஜிங் 4 லட்சம் கோடி யுவான் திட்டத்தை அறிவிச்சுது. இந்த உள்ளூர் கம்பெனிங்க மூலமாக் கடன் ஆறா ஓடுச்சு. அதே வருஷம் பெய்ஜிங்–தியன்ஜின் அதிவேக ரயில் ஓட ஆரம்பிச்சுது. 2024 முடியும்போது அதிவேகப் பாதை 48,000 கிலோமீட்டர். சித்தப்பா வீடியோவுல பார்த்த வேகம் இந்தக் காசுல வந்ததுதான்.

என் ஃபிளாட்டும் அவங்க ஃபிளாட்டும்

இந்த இடத்துல என் கதையையும் சொல்லிடறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புறநகர்ல ஒரு ஃபிளாட் புக் பண்ணினேன். இன்னும் கட்டிட்டே இருக்காங்க. மாசம் ஒண்ணாந்தேதி வாடகையும் போகுது, ஈஎம்ஐயும் போகுது. சைட்டுக்குப் போய் எத்தனை மாடி ஏறியிருக்குன்னு எண்ணிப் பார்க்கிறது எனக்கு ஒரு வியாதியாவே ஆயிடுச்சு. அதனால இந்தப் பகுதியைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

சைனாவுலயும் பெரும்பாலும் இதே முறைதான். வீடு கட்டறதுக்கு முன்னாடியே காசு வாங்கிடுவாங்க. வாங்குறவர் முதல் நாளிலிருந்து கடன் கட்டணும். அந்தக் காசு அந்தக் கட்டடத்துக்கு மட்டும்தான் போகணும்னு விதி இருந்துச்சு. ஆனா உள்ளூர்ல கண்டிப்பாப் பார்க்கல, பார்க்க விருப்பமும் இல்லை. பில்டர் அந்தக் காசுல அடுத்த நிலத்தை ஏலத்துல எடுத்தா உள்ளூர் அரசுக்கு வருமானம் தானே! ஒரு கட்டடத்தோட காசுல அடுத்த நிலம், அந்த நிலத்தைக் காட்டி அடுத்த புக்கிங். விலை ஏறிட்டே இருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம்.

2020 ஆகஸ்ட்ல பெய்ஜிங் 'மூணு சிவப்புக் கோடு'ன்னு விதி போட்டு, அளவுக்கு மீறிக் கடன் வச்சிருக்கிற பில்டர்களுக்குப் புதுக் கடனைக் கட்டுப்படுத்துச்சு. நோக்கம் சரிதான். ஆனா ஓடிட்டு இருக்கிற சைக்கிளை நிறுத்தின மாதிரி ஆச்சு. 300 பில்லியன் டாலருக்கு மேல பாக்கி வச்சிருந்த எவர்கிராண்ட் 2021 டிசம்பர்ல தவணை தவறுச்சு. 2024 ஜனவரியில ஹாங்காங் கோர்ட் அதைக் கலைக்க உத்தரவு போட்டுச்சு.

2022-ல ஜிங்தெஷென் ஊர்ல எவர்கிராண்ட் ஃபிளாட் வாங்கினவங்க, "வேலையை ஆரம்பிக்கலைன்னா ஈஎம்ஐ கட்ட மாட்டோம்"னு கடிதம் எழுதினாங்க. சில வாரத்துல நூத்துக்கணக்கான ப்ராஜெக்ட்ல இதே மாதிரி கடிதம். சில பேர் ஜன்னல் இல்லாத, கரண்ட் இல்லாத, பாதி கட்டின ஃபிளாட்லயே குடியேறினாங்க. வாடகையும் ஈஎம்ஐயும் சேர்த்துக் கட்ட முடியல, வேற வழி இல்லை.

சீனக் குடும்பங்களோட சொத்துல ரொம்பப் பெரிய பங்கு வீடுதான். வீட்டு விலை விழுந்ததும் ஜனங்க செலவைக் குறைச்சாங்க. உள்ளூர் அரசுக்கும் அடி. நிலம் விற்ற வருமானம் 2021-ல 8.7 லட்சம் கோடி யுவான். 2024-ல 5 லட்சம் கோடிக்கும் கீழ.

நம்ம ஊர்லயும் பாதியில நின்ன கட்டடங்கள் நிறைய. ஆனா 2016-ல ரெரா சட்டம் வந்தப்போ, வாங்குறவங்க கொடுக்கிற பணத்துல 70 சதவீதத்தைத் தனிக் கணக்குல வைக்கணும்னு ஒரு விதி வந்துச்சு. என் பில்டர் அதை எவ்வளவு ஒழுங்கா செய்யறார்னு எனக்குத் தெரியாது. ஆனா கேட்கிறதுக்கு ஒரு இடமாவது இருக்கு. கேட்டதுக்காக யாரும் என் போஸ்ட்டை அழிக்க மாட்டாங்க.

100 ரூபாய்க் கணக்கு

இப்போ எல்லாத்தையும் ஒரே கணக்குல போட்டுடலாம். ஒரு நாடு வருஷத்துக்கு 100 ரூபாய் உற்பத்தி பண்ணுதுன்னா, அதுல ஜனங்க தங்களுக்காகச் செலவு பண்றது எவ்வளவு? இந்தியாவுல சுமார் 60 ரூபாய். அமெரிக்காவுல 68 பக்கம். சைனாவுல சுமார் 40 தான்.

சீனர்கள் கஞ்சம்னு அர்த்தம் இல்லை. முதல்ல, அவங்க கைக்கு வர்ற பங்கே குறைவு. சம்பளம் குறைவாவே வச்சாங்க. பேங்க்ல போட்ட காசுக்கு ரொம்ப காலமா வட்டியைக் குறைச்சு வச்சு, அதே காசை ஃபேக்டரிக்கும் ரயிலுக்கும் மலிவாக் கடன் கொடுத்தாங்க. ரெண்டாவது, நாளைக்கு என்ன ஆகுமோங்கிற பயம். கிராமத்து வயசானவர் ஒருத்தருக்கு அரசு பென்ஷன் சராசரியா மாசம் 200 யுவானை ஒட்டித்தான் வருது. நம்ம காசுல மூவாயிரத்துக்கும் கீழ. நகரத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவருக்கு 3,000 யுவானுக்கு மேல. கிராமத்துக்காரர் சேர்த்து வைக்காம வேற என்ன பண்ணுவார்?

ஸோ காசு எங்கிருந்து வந்துச்சுங்கிறதுக்கு முழுப் பதில்: குறைவா வாங்கின சம்பளம், குறைவா கிடைச்ச வட்டி, குறைவா கொடுத்த நில இழப்பீடு. அப்புறம் கடன். ரோடும் ஃபேக்டரியும் இல்லாத நாட்டுக்கு இது வேலை செஞ்சுது, ரொம்ப நல்லாவே செஞ்சுது. முதல் ரயில் பாதை போட்டா ரெண்டு ஊருக்கும் லாபம். ஆனா ஏற்கெனவே மூணு பாதை இருக்கிற இடத்துல நாலாவதைப் போட்டா, கடன்தான் மிச்சம்.

996-ம் படுத்துக்கிட்ட தலைமுறையும்

நம்ம வயசுக்காரங்களைப் பத்திச் சொல்லாம போக முடியாது. 2019-ல சீன டெவலப்பர்கள் கிட்ஹப்ல '996.ஐசியு'ன்னு ஒரு ரெபோ ஆரம்பிச்சாங்க. காலை 9-லிருந்து ராத்திரி 9 வரைக்கும், வாரம் 6 நாள் வேலை பார்த்தா ஐசியுலதான் படுக்கணும்னு அர்த்தம். கிட்ஹப்போட வரலாற்றுலயே ரொம்ப வேகமா ஸ்டார் வாங்கினதுல அதுவும் ஒண்ணு. 2021-ல அவங்க உச்ச நீதிமன்றமே 996 சட்டவிரோதம்னு சொல்லுச்சு. அதே வருஷம் 'தாங் பிங்', அதாவது 'மல்லாந்து படுத்துக்கறது', இளைஞர்கள் கிட்டப் பரவுச்சு. ஓடி ஓடி என்ன ஆகப்போகுது, வீடு வாங்க முடியாது, கல்யாணம் வேண்டாம், தேவையான அளவு மட்டும் சம்பாதிப்போம்ங்கிற மனநிலை.

2023 ஜூன்ல 16-லிருந்து 24 வயசுக்காரங்கள்ல வேலையில்லாதவங்க 21.3 சதவீதம்னு அரசுக் கணக்கு வந்துச்சு. ஆகஸ்ட்ல என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தக் கணக்கை வெளியிடுறதையே நிறுத்திட்டாங்க. அப்புறம் படிக்கிற பிள்ளைங்களைக் கழிச்சுட்டு, புது முறையில, குறைஞ்ச எண்ணோட திரும்ப வெளியிட்டாங்க. டாஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சா டாஷ்போர்டை மூடுறது. இப்படி மூடினா என்ன ஆகும்னு 1958-லயே பார்த்தாச்சு.

மக்கள்தொகை இன்னொரு உதாரணம். 1980 வாக்குல வந்த ஒரு குழந்தைக் கொள்கையை 2015 வரைக்கும் விடல. பிறப்பு விகிதம் தொண்ணூறுகள்லயே தேவையான அளவுக்குக் கீழ போயிடுச்சு. கட்டாயக் கருக்கலைப்பு, அபராதம்னு லட்சக்கணக்கான குடும்பங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கொள்கை ஓடிட்டே இருந்துச்சு. 2022-லிருந்து சைனாவோட மக்கள்தொகை குறையுது. இப்போ மூணு பிள்ளை பெத்துக்கங்கன்னு சொல்றாங்க, இளைஞர்கள் கேட்கல. 2025-லிருந்து ஓய்வு வயசைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறாங்க.

வீட்டுக்குள்ள விக்காதது வெளியில வருது

இப்போதான் வெளியுறவு. ஜனங்க 40 ரூபாய்க்குத்தான் வாங்குறாங்க, ரியல் எஸ்டேட்டும் படுத்துடுச்சு. ஆனா ஃபேக்டரி நிக்கல. ரியல் எஸ்டேட்டுக்குப் போன பேங்க் கடன் இப்போ எலக்ட்ரிக் கார், பேட்டரி, சோலார் பேனல் பக்கம் திரும்பியிருக்கு. ஒவ்வொரு மாகாணத்துக்கும் சொந்தமா ஒரு கார் கம்பெனி வேணும். உள்நாட்டுல விலைப் போட்டி அடிதடி ஆயிடுச்சு. அதுக்கு 'நெய்ஜுவான்'னு ஒரு வார்த்தையே பழக்கத்துல இருக்கு: எல்லாரும் விழுந்து விழுந்து ஓடியும் யாரும் முன்னேறாத நிலை. அரசாங்கமே அதை நிறுத்தணும்னு இப்போ கூட்டம் போடுது.

மிச்ச சரக்கு கப்பல் ஏறும். 2023-ல ஜப்பானைத் தாண்டி உலகத்துலயே அதிகக் கார் ஏற்றுமதி பண்ற நாடாச்சு. 2024-ல இறக்குமதியை விட ஏற்றுமதி 992 பில்லியன் டாலர் அதிகம். அவங்க உபரின்னா வேற யாரோ ஒருத்தருக்கு அது பற்றாக்குறை. அதனாலதான் 2024-ல அமெரிக்கா சீன எலக்ட்ரிக் காருக்கு 100 சதவீத வரி போட்டுச்சு, ஐரோப்பாவும் கூடுதல் வரி போட்டுச்சு. அது ட்ரம்ப்புக்கு முன்னாடியே நடந்தது. 2025 ஏப்ரல்ல ட்ரம்ப் வரியை 145 சதவீதம் வரைக்கும் ஏத்தினப்போ, சைனா 125 சதவீதம் போட்டதோட நிக்கல. ஏழு வகை அரிய மண் தனிமங்களுக்கும் அதுல செய்யற காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி வாங்கணும்னுச்சு. உலகத்துல இந்தக் காந்தங்கள்ல பெரும்பகுதியைச் செய்யறது அவங்கதான். அடுத்த மாசமே ரெண்டு பக்கமும் வரியைக் குறைச்சுப் பேச்சுக்கு உட்கார்ந்தாங்க. இடையில மாட்டினது நாமளும்தான். இந்திய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனிங்க காந்தம் இல்லாம உற்பத்தி குறையும்னு சொன்னாங்க.

2013-ல ஷி ஜின்பிங் ஆரம்பிச்ச பட்டுப்பாதைத் திட்டத்தையும் இதே கண்ணால பாருங்க. உள்ள கட்டறதுக்கு இடம் குறையுது. ஸ்டீல், சிமெண்ட், கட்டுமானக் கம்பெனி, டாலர் எல்லாம் கையில இருக்கு. அதை வெளிநாட்டுக்குக் கொண்டு போறாங்க.

பலருக்கு உடனே ஞாபகம் வர்றது ஹம்பாந்தோட்டை. "கடன் கட்டல, துறைமுகத்தைப் பிடுங்கிட்டாங்க"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. நடந்தது அதை விடச் சிக்கல். அந்தத் துறைமுகத்துக்குக் கடன் 2007-ல, பட்டுப்பாதைத் திட்டத்துக்கு முன்னாடியே வாங்கினது. 2017-ல 99 வருஷக் குத்தகைக்கு ஒரு சீனக் கம்பெனி 1.12 பில்லியன் டாலர் கொடுத்துச்சு. அது பழைய கடனுக்குக் கழியல. டாலர் இருப்பைத் தேத்தறதுக்கு இலங்கை பயன்படுத்திக்கிச்சு. கடன் அப்படியே நின்னுச்சு. 2022-ல இலங்கை திவாலானப்போ, சைனாவோட பங்கு பெருசுதான். ஆனா சர்வதேசச் சந்தையில பத்திரம் வித்து வாங்கின கடன் அதை விடப் பெருசு. வருமானம் வராத திட்டத்துக்குக் கடன் வாங்கறது, அதுதான் வியாதி. அந்த வியாதி சைனாவோட உள்ளூர் அரசுகளுக்கும் உண்டுன்னு இப்பத்தான் பார்த்தோம்.

நமக்கு? 2020 ஜூன்ல கல்வான்ல 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தாங்க. டிக்டாக் உட்பட 59 ஆப்புக்குத் தடை வந்துச்சு. ஆனா 2024-25-ல சைனாவோட நமக்கு வர்த்தகப் பற்றாக்குறை 99 பில்லியன் டாலர். ஆப்பை ஒரே ராத்திரியில நிறுத்திடலாம், மருந்துக்கான மூலப்பொருளையும் மெஷினையும் நிறுத்த முடியல.

சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும்

மச்சான், சைனா முடியல. உலகத்துல எந்த நாட்டையும் விட அதிகமா உற்பத்தி பண்ற நாடு, பேட்டரியிலயும் சோலார்லயும் ஒருத்தரும் கிட்ட நெருங்க முடியாத நாடு, பாதி கட்டின ஃபிளாட்டால மட்டும் முடிஞ்சிடாது. மெதுவாகும், வலிக்கும், ஆனா முடியாது.

சித்தப்பா, உங்களுக்கு ஒண்ணு. அவங்க வேகமா வளர்ந்தது பெரும்பாலும் பிடியைத் தளர்த்தினப்போ: நிலத்தைக் குடும்பத்துக்கு விட்டப்போ, ஊர் ஊரா சோதிச்சுப் பார்க்க விட்டப்போ, தனியார் கடை திறக்க விட்டப்போ. கூடவே பஞ்ச காலத்துக்கு அப்புறம் கிராமத்துப் பிள்ளைங்களையும் படிக்க வச்சாங்க, பெண்கள் பெரிய அளவுல வேலைக்கு வந்தாங்க. காப்பி அடிக்கணும்னா அதை அடிக்கலாம். 'கண்டிப்பு' கொடுத்தது வேகம் மட்டும் இல்லை. தப்பான திசையில போனாலும் முப்பத்தஞ்சு வருஷம் நிறுத்த முடியாத வேகம்.

நம்ம ஊர்ல பாலம் எட்டு வருஷம் ஆகுதுங்கிறது உண்மை, அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்லை. ஆனா அந்தப் பாலத்துக்கு நிலம் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய் நல்ல இழப்பீடு வாங்கினார்னா, அந்தத் தாமதத்துல ஒரு பகுதி அவர் குடும்பத்துக்குச் சேர்ந்த காசு. மிச்சம் நம்ம சோம்பேறித்தனமும் ஊழலும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கப் பழகணும்.

இதை நான் குரூப்ல சொன்னதும் சித்தப்பா ஒரு தம்ஸ் அப் போட்டார். மச்சான், "இவ்வளவு பெருசா யாருடா படிப்பா"ன்னான். அதனாலதான் எபிசோடாவே போட்டுட்டேன், கேட்டுட்டுச் சண்டை போடட்டும்.

அடுத்த எபிசோட்ல சிப். தைவான்ல ஒரு கம்பெனி நின்னா உலகமே ஏன் நிக்கும், 2022 அக்டோபர்ல அமெரிக்கா போட்ட தடை சைனாவை நிறுத்துச்சா இல்லை உசுப்பி விட்டுச்சான்னு பார்ப்போம். உங்க வீட்டு குரூப்ல சுத்துற சைனா ஃபார்வர்டு இருந்தா அனுப்புங்க, பிரிச்சுப் பார்த்துடுவோம். வரட்டுமா மக்களே.